அத்தியாயம் 4: பிள்ளைக்கு முதல் கார்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வரும் மாணவருக்கும், பத்து காஜா பக்கத்துத் தோட்டத்திலிருந்து உங்கு ஓமார் பாலிடெக்னிக்குக்குப் போகும் மாணவிக்கும், பீடோரிலிருந்து கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் பிள்ளைக்கும் ஒரே சிக்கல்தான். பேருந்துக்காகக் காத்திருந்தால் முதல் வகுப்பு போய்விடும். ரப்பர் தோட்டங்கள் தோட்டங்களாக இருந்த காலத்தில் தமிழ்ப்பள்ளி, கோவில், மருந்தகம், மளிகைக் கடை எல்லாமே லயத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தன. பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் மாறின. வேலையும் படிப்பும் தூரமாகிவிட்ட பிறகு வீட்டுக்கு வீடு வாகனம் தேவைப்பட்டது.

அந்தத் தேவைக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில் கப்சாய் மோட்டார். 16 வயதில் பி2 லைசன்ஸ் எடுக்கலாம், எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே 17 வயதில் கார் லைசன்ஸ் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு பழைய கார் வாங்கித் தர நினைப்பதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. சரியான காரை வாங்கினால் அது பிள்ளையின் உயிருக்குப் போடும் வேலி.

சரியான கார் எது என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிள்ளை ரிம்மையும் ஸ்பீக்கரையும் பார்க்கிறது. அப்பா இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார். அம்மா மாதத் தவணையைக் கணக்குப் போடுகிறார். மூன்றும் வேண்டியவைதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. இந்த அத்தியாயம் சொல்லும் வரிசை இது: பணத்தை முதலில் உயிர் காக்கும் பாகங்களுக்குக் கொடுங்கள், அடுத்து டயருக்கும் பிரேக்குக்கும், அடுத்து ஆவணங்களுக்கு. மிச்சம் இருந்தால் அழகுக்கு.

முதலில் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள்

கடை கடையாக ஏறி இறங்கும் முன், வீட்டில் இருக்கும் காரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் 7, 8 ஆண்டுகளாக ஓட்டிவரும் காரின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். எப்போது எண்ணெய் மாற்றினீர்கள், எங்கே இடித்தது, கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பதை எந்த வியாபாரியிடமும் கேட்க வேண்டியதில்லை. பல வீடுகளுக்கு அந்தக் காரைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் வேறொரு பழைய கார் வாங்கிக்கொள்வதே நல்ல வழி.

வீட்டில் இரண்டு கார் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டில் எது பாதுகாப்பானது? அதைத்தான் பிள்ளை ஓட்ட வேண்டும். 20 ஆண்டு அனுபவம் உள்ள அப்பா புதிய மைவியிலும், நேற்று லைசன்ஸ் எடுத்த மகள் ஏர்பேக் இல்லாத கஞ்சிலிலும் போவது பல வீடுகளில் வழக்கம். தவறு செய்ய அதிக வாய்ப்புள்ளவருக்கு அதிகப் பாதுகாப்பு தேவை. இந்த வழக்கத்தை மாற்றுங்கள்.

காரின் விலை வேறு, மொத்தச் செலவு வேறு

கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான்கில் மூன்று பங்கைக் காருக்கும், ஒரு பங்கை முதல் ஆறு மாதப் பழுதுக்கும் மற்றச் செலவுகளுக்கும் வையுங்கள். 20,000 ரிங்கிட் இருந்தால் 15,000 ரிங்கிட்டுக்குள் கார் தேடுங்கள். மீதி 5,000 நான்கு டயர், பேட்டரி, பிரேக் பேட், எண்ணெய் மாற்றம், காப்புறுதி, உரிமை மாற்றம் என்று போய்விடும்.

சாலை வரிக்குப் பயந்து மிகச் சிறிய இன்ஜினைத் தேடுபவர்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1,300 சிசி காருக்கு 70 ரிங்கிட், 1,500 சிசி காருக்கு 90 ரிங்கிட். ஆண்டுக்கு 70 ரிங்கிட் மிச்சம் பிடிப்பதற்காகப் பாதுகாப்பு குறைந்த காரை வாங்குவது நல்ல கணக்கு ஆகாது.

காப்புறுதியில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, என்சிடி எனப்படும் கழிவு. அது காருடன் வருவதில்லை; உரிமையாளரின் பெயரில், ஒரு நேரத்தில் ஒரு வாகனத்துக்குத்தான் கிடைக்கும். உங்கள் காரில் 55 விழுக்காடு கழிவு இருந்தாலும், பிள்ளைக்காக வாங்கும் இரண்டாவது காருக்குச் சுழியத்திலிருந்தே தொடங்கும். இழப்பீடு கேட்காமல் ஓராண்டு போனால் 25, பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55 விழுக்காடு என்று ஏறும்.

இரண்டாவது, பிள்ளையின் பெயரை ஓட்டுநர் பட்டியலில் சேர்ப்பது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ, பி லைசன்ஸ் வைத்திருப்பவரோ, பெயர் சேர்க்கப்படாதவரோ ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், முழுக் காப்புறுதியில் உங்கள் காருக்குக் கேட்கும் இழப்பீட்டில் முதல் 400 ரிங்கிட்டை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். பெயரைச் சேர்த்தாலும் வயதுக்கான விதி பொருந்தும். அந்தத் தொகையை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாவது, வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பு. சாதாரண முழுக் காப்புறுதியில் அது சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆற்றோரக் கம்பங்களிலும் தாழ்வான தாமான்களிலும் இருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

கடனில் வாங்குவதானால், 17 வயதுப் பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. மலேசியச் சட்டப்படி வயது வருவது 18இல்தான். கடன் பெற்றோர் பெயரில் நிற்கும், தவணை தவறினால் கெட்டுப்போவதும் பெற்றோரின் கடன் வரலாறுதான். மாதத் தவணையை மட்டும் கேட்காமல், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையையும் காரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

எந்த கார்?

புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கிறார்கள். வளைவில் வேகத்தைக் குறைக்க மறப்பது, ஈரச் சாலையில் பதறி பிரேக்கை ஓங்கி மிதிப்பது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பது. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊரான தைப்பிங் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஈப்போவிலும் பிற்பகல் மழை புதிதல்ல. இந்தத் தவறுகளுக்கும் இந்த மழைக்கும் துணை நிற்கும் மூன்று பாகங்களைத்தான் முதலில் தேட வேண்டும்: ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், ஈஎஸ்சி.

ஈஎஸ்சி என்பது கார் வழுக்கத் தொடங்குவதை உணர்ந்து, எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் தானாகப் பிடித்துக் காரைப் பாதைக்குத் திருப்பும் ஏற்பாடு. பெரோடுவாவிலும் டொயோட்டாவிலும் இதை விஎஸ்சி என்றும், ஹோண்டாவில் விஎஸ்ஏ என்றும் சொல்வார்கள். ஒரு காரில் இது இருக்கிறதா என்று அறிய விற்பவரின் வாய்வார்த்தை போதாது. சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல், டேஷ்போர்டைப் பாருங்கள். காருக்குப் பின்னால் வளைந்த கோடுகள் போட்ட சின்னம் எரிய வேண்டும், இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும்.

இனி நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் கார்கள்.

பெரோடுவா கஞ்சில் 1994இல் வந்தது, 2009இல் நின்றது. தோட்டத்து மண் பாதைகளில் இன்றும் ஓடுகிறது, பழுதும் மலிவு. ஆனால் மோதலில் ஓட்டுபவரைக் காக்க சீட் பெல்ட்டைத் தவிர அதில் எதுவும் இல்லை. பிள்ளைக்கு வேண்டாம். 2007 முதல் 2014 வரை வந்த விவாவிலும், 2008இல் வந்த புரோட்டோன் சாகா பிஎல்எம்மிலும் விலை குறைந்த வகைகளில் ஏர்பேக் கிடையாது. இவற்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலை இருந்தால், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள உயர் வகையைக் கிடைக்கும்வரை தேடுங்கள்.

பெரோடுவா மைவி 2005இல் அறிமுகமானது. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் 3 நட்சத்திரம். 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை 5 நட்சத்திரம் பெற்றது. எல்லா வகையிலும் ஈஎஸ்சி உண்டு, குறைந்தது 4 ஏர்பேக் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் 2016 மைவியும் 2018 மைவியும் பாதுகாப்பில் வெவ்வேறு கார்கள். பதிவு ஆண்டு மட்டும் போதாது, எந்தத் தலைமுறை என்று பாருங்கள்.

2014இல் வந்த பெரோடுவா அக்ஸியா 4 நட்சத்திரம் பெற்ற கார். எரிபொருள் குறைவாகக் குடிக்கும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் ஆரம்ப வகைகளில் ஏபிஎஸ் இல்லை. ஏபிஎஸ் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பலர் கண்டுகொள்ளாமல் விடும் கார் புரோட்டோன் ஈரிஸ். 2014 செப்டம்பரில் வந்தபோதே எல்லா வகையிலும் ஈஎஸ்சி வைத்து 5 நட்சத்திரம் பெற்றது. மைவி அளவுக்கு மறுவிற்பனை மதிப்பு இல்லாததால் பழைய காராக மலிவாகக் கிடைக்கும். இதன் பலவீனம் சிவிடி ஆட்டோ கியர்பாக்ஸ். மானுவல் ஈரிஸ் கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். ஆட்டோ என்றால் கியர் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள், ரசீது இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். 2016 சாகாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2019இல் மேம்படுத்தப்பட்ட சாகாவில் சிவிடியை நீக்கி 4 கியர் ஆட்டோ வைத்தார்கள், அது நம்பகமானது.

பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ், டொயோட்டா வியோஸ் வாங்குபவர்கள் தக்காத்தா ஏர்பேக்கை மறக்கக் கூடாது. விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும் இந்த ஏர்பேக்கால் 2014இல் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். அதன் பிறகும் நம் நாட்டில் மரணங்கள் நேர்ந்தன. நிறுவனங்கள் இதை இலவசமாக மாற்றித் தருகின்றன. சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், மாற்றியாகிவிட்டதா என்று அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள். மாற்றும்வரை அந்தக் காரைப் பிள்ளை தொட வேண்டாம்.

மானுவலா ஆட்டோவா என்பது பிள்ளையின் லைசன்ஸைப் பொறுத்தது. டிஏ லைசன்ஸ் எடுத்தவர் ஆட்டோ கார் மட்டுமே ஓட்டலாம். டி லைசன்ஸ் இருந்தால் இரண்டும் ஓட்டலாம். லைசன்ஸைப் பார்க்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். நனைந்த பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். அந்தக் கூலி வீண்செலவு அல்ல.

தோட்டத்துப் பாதையில் ஓடிய கார் அடிப்பாகத்தில்தான் உண்மையைச் சொல்லும். அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை வெடித்துக் கிரீஸ் தெறித்திருக்கிறதா, சேசிஸ் ஓரங்களில் துரு இருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பாருங்கள். செம்பனை மரங்களுக்குப் பக்கத்தில் நின்ற காரில் எலி வயரைக் கடித்திருக்கும். போனட்டுக்குள் ஒட்டுப்போட்ட வயர்களைத் தேடுங்கள்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு தாண்டிய டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றிப் பழுதை மறைத்திருக்கலாம். அது இன்னும் மோசம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வருகின்றன. 2021 டிசம்பரில் சிலாங்கூரின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட கார்களைக் கழுவித் துடைத்து வேறு மாநிலங்களில் விற்க முடியும். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். மாற்று டயர் வைக்கும் குழியில் மண் இருக்கிறதா, இருக்கைத் திருகாணிகள் துருப்பிடித்தனவா, முன்விளக்குக்குள் ஈரம் படிந்திருக்கிறதா, பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அடையாளம் ஒத்துப்போனால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கடையைச் சுற்றி ஒரு சுற்று போதாது. காருக்குச் சாலை வரியும் காப்புறுதியும் உண்டா என்று உறுதிசெய்துகொண்டு, பெரியவர் ஒருவர் ஓட்ட, மூன்று வகைச் சாலையில் பாருங்கள்.

முதலில் புந்தோங், சிலிபின் போன்ற நெரிசலான வீதிகள். நின்று நின்று போகும்போது கியர் இடிக்கிறதா, வெப்பமானி ஏறுகிறதா என்று தெரியும். அடுத்து மேடு. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் சிறிது தூரம் போனாலே இன்ஜினின் பலமும், இறங்கும்போது பிரேக்கின் நிலையும் விளங்கும். பிரேக் மிதிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம். கடைசியாகக் குண்டும் குழியுமான மண் பாதை. அங்கே வரும் ‘டக் டக்’ சத்தம் ஒவ்வொன்றும் ஒரு செலவு.

ஆவணங்கள்

கெரான் எனப்படும் வாகனப் பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடயம் இருந்தால் இரண்டு கார்களை வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். அப்படிப்பட்ட காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்கு முன் பஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் பி5 பரிசோதனை செய்ய வேண்டும். கடனில் வாங்குவதென்றால் பி7 பரிசோதனையும் உண்டு. பி5இல் தேறியதால் கார் நல்ல கார் என்று நினைத்துவிடாதீர்கள். அது வாகனத்தின் அடையாளத்தையும் பிரேக், விளக்கு, புகை போன்ற அடிப்படைகளையும் பார்ப்பது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அது சொல்லாது.

விற்பவருக்கு நிலுவைக் கடன் இருந்தால் வங்கி உரிமையை விடுவித்த பிறகே பணம் முழுவதையும் கொடுங்கள். நிலுவைச் சம்மன் உரிமை மாற்றத்தைத் தடுத்துவிடும் என்பதால் அதையும் முன்கூட்டியே பாருங்கள்.

‘சம்போங் பாயார்’ பக்கம் போகவே கூடாது. இன்னொருவர் பெயரில் உள்ள கடனுக்கு நீங்கள் மாதம் மாதம் பணம் கட்டி, காரை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முன்பணம் குறைவு என்று நம் ஆட்கள் பலர் இதில் விழுகிறார்கள். வங்கியின் ஒப்புதலின்றிக் காரைக் கைமாற்றுவது சட்டவிரோதம். கார் ஒருநாளும் உங்கள் பெயருக்கு வராது. பெயர் கொடுத்தவர் மனம் மாறினாலும், வங்கி காரை இழுத்துச் சென்றாலும், நீங்கள் கட்டிய பணத்துக்குக் கணக்கே இருக்காது.

கடையில் வாங்கும்போது வாக்குறுதிகளை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வியாபாரி ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. கையில் எழுத்து இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

சாவி கொடுத்த பிறகு

பி லைசன்ஸ் 2 ஆண்டு. அதுவரை முன்னும் பின்னும் பி ஒட்டி இருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் பகலில், தெரிந்த பாதையில், பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டட்டும். நண்பர்கள் நிறைந்த காரில் கவனம் சிதறும். ஆரம்பத்தில் ஒருவரைத் தவிர வேறு யாரையும் ஏற்ற வேண்டாம் என்று வீட்டிலேயே விதி வையுங்கள். பின்னிருக்கையிலும் சீட் பெல்ட் 2009 முதல் கட்டாயம்.

விளக்கில்லாத தோட்டத்துச் சாலையில் இரவில் மாடு குறுக்கே வரும், பின்விளக்கு இல்லாத லோரி நிற்கும். முன்விளக்கின் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் உடனே மெருகேற்றுங்கள். ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு மெனோரா சுரங்கம் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் நீண்ட இறக்கங்கள் உண்டு, கனரக லோரிகள் நிறைய. மழையில் அந்தப் பாதையைத் தனியாக ஓட்டும் முன், தாழ்ந்த கியரில் இறங்குவதை நீங்கள் உடன் இருந்து பழக்குங்கள்.

கருப்புக் கண்ணாடி, சத்தமான எக்ஸாஸ்ட், தாழ்த்திய ஸ்பிரிங் மூன்றையும் அனுமதிக்காதீர்கள். சம்மன் ஒருபுறம்; தாழ்த்திய கார் நம் பாதைகளில் அடிபட்டு, ஈரத்தில் பிடியையும் இழக்கும். லைசன்ஸ் இல்லாத தம்பியிடம் சாவி போகக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அது ஓட்டியவருக்கும் அனுமதித்தவருக்கும் குற்றம்.

பெற்றோரே, பழைய கார் வாங்கும் நாளில் உறவினரும் நண்பரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லோரையும் கேளுங்கள். முடிவெடுக்கும்போது ஏர்பேக், ஏபிஎஸ், ஈஎஸ்சி, நல்ல டயர், சுத்தமான கெரான் என்ற ஐந்தையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்தும் இருக்கும் சாதாரண நிறத்துக் காரை, ஒன்று குறையும் அழகான காரைவிட முதலில் தேர்ந்தெடுங்கள். பணம் போதவில்லையா, இன்னும் ஆறு மாதம் சேர்த்து வாங்குங்கள். அதுவரை பிள்ளையை நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.